வெயிலோடு ஓர் உடன்படிக்கை

ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்தில் வசிக்கும் நமது நண்பர் ஒருவரிடமிருந்து சென்ற மாதம் ஒரு கடிதம் வந்தது. நண்பருக்குப் பிராயம் அறுபத்தெட்டு. நம்மைப் போலவே உபாத்தியாயர் உத்தியோகம் பார்த்து, முப்பத்தைந்து வருஷ காலம் பிள்ளைகளிடம் தொண்டைத் தண்ணீரை வற்றவைத்துவிட்டு ஓய்வு பெற்றவர். கடிதத்தின் முதல் வரியைப் படித்ததும் நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. தம்மை ஆறு மாதமாகச் சிறையில் வைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார்.

சிறை என்றால் நம் தேசத்தாருக்கு வேலூரும் அலிபுரமும் ஞாபகம் வரும். இந்த மனிதர் எந்தச் சத்தியாக்கிரகத்தில் போய்ச் சேர்ந்தார் என்று திகைத்து மேலே படித்தோம். சிறைச்சாலை அவருடைய சொந்த வீடேதான். ஜெயிலர் அவருடைய மனைவியார். உதவி ஜெயிலர் மகள். அவர் செய்த குற்றம், அறுபது வருஷமாக வெயிலில் நின்றது.

நடந்த விஷயம் இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய வலது காதின் மேல் விளிம்பில் மிளகளவு ஒரு பொருக்குத் தோன்றியது. தட்டினால் உதிரும், கொஞ்சம் ரத்தம் கசியும், பத்து நாளில் மறுபடியும் பொருக்குக் கட்டும். மூக்குக் கண்ணாடியின் காம்பு உராய்ந்ததால் வந்த புண் என்று அவரே தீர்மானித்து, கண்ணாடியை மாற்றினார். புண் மாறவில்லை. மூன்று மாதம் கழித்து டாக்டரிடம் போனார். டாக்டர் அதில் துளி எடுத்துப் பரீட்சித்து, ‘ஸ்குவாமஸ் செல்’ என்னும் வகையைச் சேர்ந்த சருமப் புற்று என்று சொல்லிவிட்டார். காதில் ஆப்பு வடிவமாக ஒரு துண்டை வெட்டி எடுத்துத் தைத்தார்கள். அத்துடன் தொல்லை தீர்ந்தது என்று எல்லாரும் நிம்மதியாக இருந்தபோது, ஆறு மாதத்துக்கு முன்னால் முழங்கைக்குக் கீழே இன்னொன்று தோன்றியது. அதையும் எடுத்தாயிற்று. டாக்டர் தைரியம் சொல்லியே அனுப்பினார். ஆனால் வீட்டில் உள்ளவர்களுக்கு அந்தத் தைரியம் வரவில்லை.

நண்பருக்கு உலகத்தில் இரண்டு பொழுதுபோக்குகள்தான் உண்டு. ஒன்று, வீட்டுக்குப் பின்னால் உள்ள தோட்டம். மற்றொன்று, சனிக்கிழமை தோறும் உள்ளூர்ச் சங்கங்களின் கிரிக்கெட் பந்தயங்களுக்கு அம்பயராக நிற்பது. இரண்டும் ஒரே நாளில் பறிமுதல் செய்யப்பட்டன. தோட்டத்துக்கு ஒரு பையனைக் கூலிக்கு வைத்தார்கள். அவன் களைகளோடு தக்காளி நாற்றுக்களையும் பிடுங்கிப் போட்டான். இதை நண்பர் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். கடிதத்தின் கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: “இனி நான் ஆந்தையைப் போல் இரவில்தான் வெளியே வரவேண்டுமா? இப்படி இருப்பதைவிட அந்த வியாதியே தேவலை என்று சில நாள் தோன்றுகிறது.”

இந்த வரிதான் நம்மைப் பேனாவை எடுக்கச் செய்தது. நாம் வைத்தியர் அல்ல. ஆனால் விஷயம் தெரிந்த ஒரு தோல் வைத்திய நிபுணரைத் தேடிப்போய்க் கேட்டும், அந்த நாட்டார் வெளியிட்டிருப்பவற்றைப் படித்தும் தெரிந்துகொண்டதை நண்பருக்கு எழுதினோம். அதை நேயர்களுக்கும் சொல்வதில் தவறில்லை அல்லவா?

நண்பரை நாம் முதலில் சந்தித்தது சேப்பாக்கத்தில். 2013-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் ஆஸ்திரேலியக் கோஷ்டி சென்னைக்கு வந்திருந்தது. தோனி இருநூறு ஓட்டங்களைக் கடந்த தினம் அது. அடுத்த ஆசனத்தில் அரைக்கைச் சட்டையும், முன்னால் மட்டும் விளிம்புள்ள குல்லாயும் அணிந்த ஒரு வெள்ளைக்காரர், தம் கட்சி அடி வாங்குவதைப் பற்றிச் சிறிதும் வருத்தமின்றிக் கை தட்டிக்கொண்டிருந்தார். வெயில் சரிந்து எங்கள் வரிசையின்மேல் விழுந்ததும் நாம் கைக்குட்டையை விரித்துத் தலையையும் காதையும் மூடிக்கொண்டோம். அதைப் பார்த்து அவர் சிரித்தார். “உங்கள் ஊர் வெயிலுக்கு நீங்களே பயப்படலாமா?” என்று கேட்டார். அவருடைய காதுகள் இரண்டும் அப்போதே செம்பருத்திப் பூவைப் போல் சிவந்திருந்தன.

அன்று எதிரணிக்குத் தலைவராக இருந்தவர் மைக்கேல் கிளார்க். அந்தப் பந்தயத்தில் முதல் ஆட்டத்தில் 130 ஓட்டங்கள் எடுத்தார். இதற்கு வெகு காலம் முன்பே, 2006-ஆம் வருஷத்திலேயே, அவருக்குச் சருமப் புற்று கண்டுபிடிக்கப்பட்டிருந்தது என்பது அன்று நமக்குத் தெரியாது. அப்படியிருந்தும் அவர் ஆட்டத்தை விடவில்லை. தேசத்தின் தலைவராகவும் ஆனார். வியாதியும் அவரை விட்டுவிடவில்லை. 2019-ல் நெற்றியிலிருந்தும், 2025 ஆகஸ்டில் மூக்கிலிருந்தும் வெட்டி எடுத்தார்கள். நமது நண்பரின் குடும்பத்தார் இந்த உதாரணத்தைக் காட்டி, “பார்த்தீர்களா, திரும்பத் திரும்ப வருகிறது!” என்பார்கள். நண்பர் அதே உதாரணத்தைக் காட்டி, “பார்த்தீர்களா, மனிதர் விளையாடிக்கொண்டுதானே இருந்தார்!” என்பார். இரண்டு கட்சியும் உண்மையைத்தான் பேசுகின்றன. சங்கடம் அங்கேதான் இருக்கிறது.

ஒரு தடவை சருமப் புற்று வந்த தேகத்தில் மறு தடவை வருவதற்கு இடம் அதிகம். காரணம் எளிது. வெயில் செய்த கெடுதல் காதின் ஒரு மூலையில் மட்டும் நடந்ததல்ல; நெற்றி, மூக்கு, பிடரி, புறங்கை எல்லாம் அதே அறுபது வருஷ வெயிலைக் குடித்தவைதான். சூரிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்குப் புலப்படாத ‘அல்ட்ராவயலெட்’ கிரணங்கள் இருக்கின்றன. அவை தோலின் செல்களுக்குள் புகுந்து, டி.என்.ஏ. என்னும் பரம்பரைச் சரட்டில் முறிவுகளை உண்டாக்குகின்றன. தேகம் அவ்வப்போது பழுது பார்த்துக்கொள்ளுகிறது. பார்க்காமல் விட்டுப்போன பழுதுகள் வருஷக் கணக்கில் சேர்ந்து, கடைசியில் ஒரு செல் கட்டுக்கு அடங்காமல் பெருக ஆரம்பிக்கிறது. பழைய கணக்கை அழிக்க முடியாது. புதுக் கடன் வாங்காமல் இருக்கலாம், அவ்வளவுதான்.

இந்தக் கடன் ஆஸ்திரேலியாவில் மட்டும் ஏன் இவ்வளவு மிகுதி? அங்கே மூன்று பேரில் இரண்டு பேருக்கு எழுபது பிராயத்துக்குள் ஏதாவது ஒரு வகைச் சருமப் புற்று வருகிறது என்று அந்நாட்டுப் புற்றுநோய்ச் சங்கத்தார் சொல்கிறார்கள். அந்தத் தேசத்தில் 50,000 ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருந்த ஆதிவாசிகள் கருத்த நிறத்தவர்கள். தோலில் உள்ள ‘மெலனின்’ என்ற கரும்பொருள் அவர்களுக்கு இயற்கை கொடுத்த குடை. 1788 முதல் அங்கே கப்பல் கப்பலாக வந்து இறங்கியவர்களோ, மேகமும் மூடுபனியும் நிறைந்த பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் ஏற்ற தோலை உடையவர்கள். மேலும், பூமி சூரியனுக்கு மிகவும் நெருங்கி வருவது ஜனவரி முதல் வாரத்தில். அது தென்கோளத்தில் நடுக் கோடை. வடகோளத்துக் கோடையைவிட அங்கே சுமார் நூற்றுக்கு ஏழு பங்கு அதிகமாக வெளிச்சம் விழுகிறது. பிறருடைய நாட்டைப் பிடித்துக்கொள்ளலாம். அந்த நாட்டுச் சூரியனைப் பிடித்து அடக்க முடியாது போலும்! ஆனால் இதில் நாம் சந்தோஷப்படுவதற்கு ஒன்றும் இல்லை. பாட்டன் முப்பாட்டன் கப்பலேறியதற்கு இன்றைய பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்ன செய்வான்?

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். இதே இனத்தார் நம் நாட்டை ஆண்டபோது சூரியனைக் கண்டு நடுங்கினார்கள். தஞ்சாவூரில் கோவில் பொம்மை செய்கிறார்களே, அந்த நெட்டியினால் செய்த ‘சோலாத் தொப்பி’ இல்லாமல் துரைமார்கள் வெளியே வரமாட்டார்கள். வெயில் மண்டையைத் துளைத்து மூளையைக் கலக்கிவிடும் என்று பயம். அதற்கு அவர்கள் சொன்ன காரணம் தவறு. ஆனால் தொப்பி சரியான தொப்பி! சுற்றிலும் அகன்ற விளிம்பு, காதுக்கும் பிடரிக்கும் நிழல். பிற்காலத்தில் பயமும் போயிற்று, தொப்பியும் போயிற்று. தோல் செம்பு நிறமாகக் கன்றுவதே அழகு என்ற நாகரிகம் வந்தது. கடற்கரை மணலில் எண்ணெய் தடவிக்கொண்டு கிடக்க ஆரம்பித்தார்கள்.

ரிச்சி பெனோ என்ற பெயரை நம் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1956-ஆம் வருஷம் சென்னை கார்ப்பொரேஷன் மைதானத்தில் 72 ஓட்டங்களுக்கு ஏழு பேரை வீழ்த்தி நம்மவர்களைத் திணற அடித்தவர். பின்னால் ஆஸ்திரேலியாவுக்குத் தலைவராக இருந்து, அதற்கும் பின்னால் வர்ணனையாளராக உலகமெங்கும் பேர் வாங்கினார். 2014 நவம்பரில், தமக்கு நெற்றியிலும் உச்சந்தலையிலும் சருமப் புற்றுக்குச் சிகிச்சை நடக்கிறது என்று வெளியிட்டார். அப்போது அவர் சொன்ன காரணத்தைப் பள்ளிக்கூட உபாத்தியாயர்கள் எல்லாரும் கவனிக்க வேண்டும். தாம் சிறுவனாக இருந்தபோது குல்லாய் போட்டுக்கொண்டதே இல்லை. ஏனென்றால் தாம் தெய்வமாகக் கொண்டாடிய கீத் மில்லர் குல்லாய் போடுவதில்லை என்றார். எல்லாரும் தலைக்குக் காப்புப் போட்டுக்கொள்ளுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். 2015 ஏப்ரல் 10-ஆந் தேதி, தமது 84-ஆவது பிராயத்தில் காலமானார்.

சரி, நண்பரின் கேள்விக்கு வருவோம். வெளியே போகலாமா, கூடாதா?

போகலாம் என்பதே நாம் சந்தித்த நிபுணரின் திடமான அபிப்பிராயம். அறுபத்தெட்டு பிராயத்துக்காரரை நாற்காலியில் கட்டிப்போட்டால் சருமம் பிழைக்கலாம். இருதயமும் எலும்பும் மனமும் கெட்டுப்போகும் என்றார். அவர் சொன்ன இன்னொரு சங்கதியைக் கேட்டு நமக்குச் சிரிப்பு வந்தது. வீட்டார் நண்பரைச் சிறை வைத்திருந்த இடம் வெயில் விழும் ஜன்னலோரம் அல்லவா? அல்ட்ராவயலெட் கிரணங்களில் இரண்டு ஜாதி உண்டு. தோலைச் சுட்டுச் சிவக்கவைக்கும் ஜாதியைச் சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடும். தோலுக்குள் ஆழமாகப் போகும் மற்றொரு ஜாதியில் பெரும் பகுதி கண்ணாடியைத் தாண்டி வந்துவிடும்! ஆகையால் கைதியை ஜன்னலைவிட்டு நகர்த்தும்படி முதல் காரியமாக எழுதினோம்.

பெரும்பாலோர் செய்யும் தவறு, உஷ்ணத்தையும் இந்தக் கிரணங்களையும் ஒன்றாக எண்ணுவது. உஷ்ணம் நமக்குத் தெரிகிறது. வியர்க்கிறது, நிழலுக்குப் போகிறோம். அல்ட்ராவயலெட் கிரணம் தோலில் படுவது நமக்குத் தெரிவதே இல்லை. கடற்காற்று சிலுசிலுவென்று அடிக்கும் நாளிலும், மெல்லிய மேகம் மூடிய நாளிலும் அது தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்கும். மலைமேல் குளிர் அதிகம். ஆனால் ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் இந்தக் கிரணம் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு கூடுகிறது. பனிக்கட்டி நூற்றுக்கு 80 பங்கு வரையில் அதைத் திருப்பி மேலே வீசும். மணலும் கடல் நுரையும் அவ்வளவு இல்லாவிட்டாலும் ஓரளவு வீசும். தூண்டில் போட்டுக்கொண்டு குடைக்கடியில் உட்கார்ந்திருப்பவருடைய முகவாய்க்கட்டை கன்றிப் போவது இதனால்தான்.

எனவே, கிரணத்தின் வலிமையை அளந்து ஒரு எண்ணால் சொல்கிறார்கள். ‘யு.வி. இண்டெக்ஸ்’ என்று பெயர். 3-க்குக் கீழே இருந்தால் சாதாரண மனிதருக்குப் பயமில்லை. 3 ஆனதும் காப்பு வேண்டும். 11-க்கு மேல் போனால் மிகக் கடுமை. ஆஸ்திரேலியாவில் மழை வருமா என்று சொல்வதைப் போலவே இந்த எண்ணையும் தினந்தோறும் சொல்கிறார்கள். பிரிஸ்பேனில் நடுக் கோடையில் 11-ஐச் சாதாரணமாகத் தாண்டும்; குளிர்காலத்து நண்பகலில்கூட 3-க்குக் குறைவதில்லை. எண் தெரியாத இடத்தில் நிழலைப் பார்த்தால் போதும். நமது நிழல் நம்மைவிடக் குட்டையாக இருந்தால் கிரணம் கடுமையாக இருக்கிறது. நிழல் நீள நீளப் பயம் குறையும். நமது பாட்டிமார் நிழலைக் காலால் அளந்து மணி சொன்னது எவ்வளவு பிரயோஜனமான வித்தை!

முதல் ஷரத்து, நேரம். குவீன்ஸ்லாந்து மாகாணத்தில் கோடையில் கடிகாரத்தை முன்னால் தள்ளிவைக்கும் வழக்கம் இல்லை. ஆகையால் டிசம்பரில் அங்கே ஐந்து மணிக்கு முன்பே சூரியோதயம் ஆகிவிடும். ஏழு மணி வாக்கில் எண் 3-ஐத் தாண்டிவிடும். ஐந்திலிருந்து ஏழு வரையில் இரண்டு மணி நேரம் தோட்டக்காரருக்குச் சொந்தம். சாயங்காலத்தில் இன்னொரு மணி நேரம். தோட்டத்துக்கு இது தாராளம். தக்காளிச் செடிக்கும் நடுப்பகலில் தண்ணீர் ஊற்றுவது உகந்ததல்ல.

கிரிக்கெட்தான் சிக்கலான விஷயம். பெரியவர்களின் பந்தயம் நடுப்பகலில் தொடங்கிச் சாயங்காலம் முடியும். அம்பயருக்கு நிழல் ஏது? மரத்தைத் தூக்கிக்கொண்டு போய் விக்கெட்டுக்குப் பின்னால் நட முடியுமா? ஆட்டக்காரனாவது அவுட்டாகி வந்து கூடாரத்தில் உட்காருவான். அம்பயர் அவுட்டாவதே இல்லை. இதற்கு நாம் நண்பருக்குச் சொன்ன யோசனை அவருக்குக் கசப்பாக இருந்திருக்கும். பெரியவர்களை விட்டுவிட்டுப் பத்துப் பிராயத்துப் பையன்களின் பந்தயத்துக்குப் போகும்படி எழுதினோம். அது காலை ஏழரைக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் முடிந்துவிடும். உயர்தரப் பாடசாலையின் தலைமை உபாத்தியாயரை ஒண்ணாம் வகுப்புக்கு மாற்றுவது போன்ற காரியம்தான். என்றாலும், சிறையைவிட ஒண்ணாம் வகுப்பு மேல்.

ஏழரைக்கே எண் 3-க்கு மேல் போய்விடும் என்று சொன்னோம் அல்லவா? ஆகையால் அங்கே கவசம் பூரணமாக வேண்டும். இதில் முக்கியமானது தொப்பி. ஆஸ்திரேலியர்கள் தங்கள் கிரிக்கெட் கோஷ்டியின் பச்சைக் குல்லாயை நாம் பூணூலையும் திருநீறையும் போற்றுவதுபோல் போற்றுகிறார்கள். கிழிந்தாலும் நாறினாலும் மாற்றமாட்டார்கள். பக்தியைப் பழிக்க நாம் வரவில்லை. ஆனால் அந்தக் குல்லாய் காதையும் மறைக்காது, கழுத்தையும் மறைக்காது. நண்பர் சேப்பாக்கத்தில் போட்டிருந்ததும் அதே குறையுள்ளதுதான். புற்று அடிக்கடி வரும் இடங்களோ காது, மூக்கு, உதடு, பிடரி, வழுக்கை விழுந்த உச்சந்தலை. அதிலும் காதிலும் உதட்டிலும் வரும் ஸ்குவாமஸ் வகை மற்ற இடங்களில் வருவதைவிடப் பரவக் கூடியது. சுற்றிலும் குறைந்தது ஏழரை சென்டிமீட்டர் விளிம்பு உள்ள தொப்பியே தொப்பி. ஓலைத் தொப்பியாக இருந்தால் பின்னல் நெருக்கமாக இருக்கவேண்டும். முகத்தில் புள்ளி புள்ளியாக வெயில் விழுந்தால் அது தொப்பி அல்ல, சல்லடை.

அடுத்தது சட்டை. மணிக்கட்டு வரையில் கையும், கழுத்துக்குக் காலரும் உள்ள சட்டை. வெளிச்சத்துக்கு எதிரே துணியைப் பிடித்துப் பார்த்தால் கண் தெரியக்கூடாது. நம் ஊர்க் கதரில் முரட்டு நூலாக நெருங்கி நெய்ததற்கு இந்தப் பரீட்சையில் முதல் வகுப்புக் கிடைக்கும். மஸ்லினுக்கு முட்டை மார்க்குதான். வெளுத்த மெல்லிய பருத்திச் சட்டை வியர்வையில் நனைந்துவிட்டால் அதன் காப்பு வெகுவாகக் குறைந்துபோகும். ஆகையால் மாற்றுச் சட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

‘ஸன்ஸ்கிரீன்’ என்னும் களிம்பைப் பற்றி ஜனங்களுக்குள் இரண்டு கட்சி. அதை அடியோடு நம்பாதவர்கள் ஒரு கட்சி. அதைத் தடவிக்கொண்டால் நாள் முழுவதும் கடற்கரையில் கிடக்கலாம் என்று எண்ணுகிறவர்கள் மற்றொரு கட்சி. முதல் கட்சியாருக்கு நம்பூர் ஊரின் கதையைச் சொல்லவேண்டும். பிரிஸ்பேனுக்கு வடக்கே உள்ள சிற்றூர் அது. 1992-ல் அடேல் கிரீன் என்ற அம்மையாரும் அவருடைய சகாக்களும் அங்கே 1,621 பேரைச் சேர்த்து, ஒரு பாதியாரைத் தலை, கழுத்து, கைகளில் தினந்தோறும் களிம்பு தடவச் செய்தார்கள். மற்றொரு பாதியாரை அவரவர் இஷ்டப்படி விட்டார்கள். நாலரை வருஷம் இப்படி நடந்தது. தினந்தோறும் தடவியவர்களுக்கு ஸ்குவாமஸ் வகைப் புற்றுக்கள் நூற்றுக்கு நாற்பது பங்கு வரையில் குறைவாக வந்தன. இன்னும் பத்து வருஷம் கழித்துப் பார்த்தபோது, மிகவும் பயங்கரமான ‘மெலனோமா’ வகை தடவாதவர்களில் 22 பேருக்கும், தடவியவர்களில் 11 பேருக்கும் வந்திருந்தது. ‘பேஸல் செல்’ என்னும் வகையில் மட்டும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதையும் மறைக்காமல் சொன்னார்கள் என்பதனாலேயே நமக்கு அந்தப் பரீட்சையில் நம்பிக்கை மிகுந்தது.

இரண்டாவது கட்சியாருக்குச் சொல்லவேண்டியது, அளவு. சந்தனப் பொட்டுப் போல் தொட்டு வைத்துக்கொள்வதால் பயனில்லை. உடம்பு முழுவதற்கும் ஏழு தேக்கரண்டி வேண்டும்: ஒவ்வொரு கைக்கும் காலுக்கும் ஒன்று, மார்புக்கும் முதுகுக்கும் ஒவ்வொன்று, முகம், கழுத்து, காது மூன்றுக்குமாக ஒன்று. வெளியே போவதற்கு இருபது நிமிஷம் முன்னால் தடவி, இரண்டு மணிக்கு ஒரு தரம் புதுப்பிக்கவேண்டும். டப்பாவை மோட்டார் வண்டிக்குள் போட்டு வேகவைத்தால் சத்து கெட்டுவிடும். களிம்பு, தொப்பிக்கும் சட்டைக்கும் துணையே தவிர, அவற்றுக்குப் பதில் அல்ல.

உடன்படிக்கையின் கடைசி ஷரத்து, கண்காணிப்பு. புற்று ஒரு முறை வந்தவர் மாதம் ஒரு தடவை ஸ்நான அறையில் நல்ல வெளிச்சத்தில் உச்சி முதல் உள்ளங்கால் வரையில் தோலைப் பார்த்துக்கொள்ளவேண்டும். முதுகையும் காதின் பின்புறத்தையும் மனைவியார் பார்க்கவேண்டும். ஜெயிலர் வேலையைவிட இது எவ்வளவோ பயனுள்ள வேலை என்று அந்த அம்மையாருக்குத் தனியாகவே ஒரு கடிதம் எழுதினோம். ஒரு மாதத்தில் ஆறாத புண், முத்துப்போல் மினுமினுக்கும் கட்டி, சொரசொரத்துத் தடித்த இடம், உருவமும் நிறமும் மாறுகிற மச்சம், பழைய தழும்பின்மேல் புதிதாக ஏதாவது தடிப்பு—இவற்றில் எதைக் கண்டாலும் குறித்த நாள் வரும் வரையில் காத்திராமல் டாக்டரிடம் போகவேண்டும். சீக்கிரம் பிடித்தால் பெரும்பாலும் சிறிய ரண சிகிச்சையோடு முடிந்துபோகும்.

உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும் டாக்டரிடம் காட்டச் சொன்னோம். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ஹைட்ரோகுளோரோதயஸைடு போன்ற சில மருந்துகள் தோலை வெயிலுக்கு இளகச் செய்கின்றன. தாமாக நிறுத்தக்கூடாது, கேட்கவேண்டும். வெயிலே படாவிட்டால் ‘டி’ வைட்டமின் குறையுமே என்று நண்பரின் மகள் கவலைப்பட்டாளாம். ரத்தத்தைப் பரீட்சித்துக் குறைந்திருந்தால் மாத்திரை கொடுப்பார்கள். அதற்காகத் தழும்புள்ள காதை வெயிலில் காயவைக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் வெள்ளைத் தோலுக்கு. நமக்கென்ன என்று நேயர்கள் கேட்கலாம். ஓரளவு உண்மைதான். நமது மெலனின் நமக்குப் பெரிய காப்பு. வெயிலால் வரும் சருமப் புற்று நம்மிடையே குறைவே. ஆனால் வெண்புள்ளி உள்ளவர்களும், பிறவியிலேயே நிறம் இல்லாதவர்களும், மாற்றுச் சிறுநீரகம் பெற்று மருந்து சாப்பிடுகிறவர்களும் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மேலே சொன்னதெல்லாம் அப்படியே பொருந்தும். அன்றியும், கருத்த தோலிலும் வரக்கூடிய ஒரு வகை மெலனோமா உண்டு. அது உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்துக்கடியிலும் வரும். ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்துக்கடியில் வந்தது. 1981-ல் 36-ஆவது பிராயத்தில் இறந்தார். அதற்குச் சூரியன்மேல் பழி போட முடியாது; தொப்பியும் உதவாது. காலைக் கழுவும்போது ஒரு தடவை பார்ப்பதுதான் உதவும்.

ஆஸ்திரேலியாவில் குடியேறியிருக்கும் நம்மவர்களின் குழந்தைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1981-ல் விக்டோரியா மாகாணத்துப் புற்றுநோய்ச் சங்கத்தார் ஒரு கடற்பறவைப் பொம்மையை ஆடவிட்டு, சட்டை, களிம்பு, தொப்பி மூன்றையும் நாடெங்கும் போதித்தார்கள். அதிலிருந்து வளர்ந்து, தொப்பி கொண்டுவராத பிள்ளைக்கு வெளியே விளையாட்டுக் கிடையாது என்பது இன்று அநேகமாக எல்லா ஆரம்பப் பாடசாலைகளிலும் சட்டம். பேரப் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் தாத்தா பாட்டிமார் இதைக் கண்டு சிரித்துவிட்டு வருகிறார்கள். சிரிக்க வேண்டாம். ஒரு வகுப்பில் எல்லாரும் தொப்பி போட்டுக்கொண்டால்தான், அவசியமாக வேண்டிய பிள்ளை வெட்கப்படாமல் போட்டுக்கொள்ளும். முப்பது பிள்ளைகளை வைத்து மேய்க்கும் எவருக்கும் இது தெரியும்.

நேற்று நண்பரின் பதில் வந்தது. ஷரத்துக்கள் இரண்டு வாரம் விவாதிக்கப்பட்டு, சில திருத்தங்களோடு வீட்டுச் சபையில் நிறைவேறினவாம். கூலிக்காரப் பையனை அனுப்பிவிட்டார். பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்த அம்பயர் உடுப்பை மனைவியாரே எடுத்துக் கொடுத்தார். புதுத் தொப்பியின் விளிம்பை மகள் அளவுகோலால் அளந்து பார்த்தாள். சென்ற சனிக்கிழமை முதல் பந்தயம். பெரியவர்கள் ஆட்டத்தில் தாம் நாற்பது வருஷத்தில் கொடுத்ததைவிட அன்று ஒரே காலையில் அதிகம் ‘வைட்’ கொடுத்ததாக எழுதியிருக்கிறார். அந்தப் பிள்ளைகளில் ஒருவன் தொப்பி இல்லாமல் வந்து நின்றானாம். சட்டப்படி இவர் அவனை மரத்தடிக்கு அனுப்பினார். பையன் போகாமல் இவருடைய காதையே பார்த்துக்கொண்டு நின்று, “மீதிக் காது எங்கே?” என்று கேட்டான். இவர் குனிந்து, அவன் தொட்டுப் பார்க்கும்படி காதைக் காட்டினார். அடுத்த ஓவர் ஆரம்பமாவதற்குள் பையன் தன் தாயாரின் வண்டிக்கு ஓடி, அவளுடைய பூப்போட்ட கடற்கரைத் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டானாம்.